குமுளியும் வெளிநாடுதான்

நம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆளிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. பேச ஆள் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவள் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். இனி நீங்கள் படித்துத்தான் ஆக வேண்டும்.

படிவத்தை எப்படி நிரப்புவது, எந்தக் காகிதத்தை எந்த அளவில் ஸ்கேன் செய்வது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது அடிக்கடி மாறும். என்னைவிட நீங்கள் வேகமாகக் கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்லப் போவது நான் செய்த இரண்டு தப்புகளைப் பற்றி. இரண்டையும் ஒரே ஆளுக்குச் செய்தேன். பாவம், அந்த மனிதர் இன்னும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

அப்போது நான் இந்த வேலைக்கு வந்து மூன்று மாதம்தான். அதற்கு முன்பு ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஆபீஸ் சுவரில் உலகப்படம், மூன்று கடிகாரம், அதில் டொராண்டோ கடிகாரம் மட்டும் பேட்டரி தீர்ந்து எப்போதும் நாலேகாலில் நிற்கும். கனடாவில் உரிமம் வைத்திருக்கும் ஆலோசகர் ஒருவர் விண்ணப்பத்தை அனுப்புவார். அவருக்குத் தேவையான காகிதங்களைத் தேனியில் உட்கார்ந்து சேர்த்துக் கொடுப்பது நாங்கள். எங்களுக்கு மேலே சார். அவர்தான் ஆபீஸை ஆரம்பித்தவர். நல்ல மூளைக்காரர், ஆனால் பயந்த சுபாவம். கூரியர்காரர் கதவைத் தட்டினால்கூட ஒரு நிமிஷம் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கேட்டால் மார்க் போடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். வயதுக்கு, படிப்புக்கு, இங்கிலீஷுக்கு, வேலை அனுபவத்துக்கு என்று தனித்தனியாகப் போட்டுக் கூட்டுவார்கள். அந்தப் படிவத்தில் வெளிநாட்டு வேலை அனுபவம் எத்தனை வருடம் என்று ஒரு கட்டம் உண்டு. நான் அந்தக் கட்டத்தைப் பார்த்து, வருகிற ஒவ்வொருவரிடமும் அச்சுப் பிசகாமல் தமிழில் கேட்பேன். வெளிநாட்டில் வேலை பார்த்திருக்கிறீர்களா என்று. துபாய், சவுதி என்று போய் வந்தவர்கள் தலையை நிமிர்த்திப் பதில் சொல்வார்கள். மற்றவர்கள் இல்லை என்பார்கள். நான் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவேன்.

அப்படித்தான் ஒருநாள் முத்துராஜ் வந்தார். சுருளிப்பட்டிக்காரர். முப்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. கம்பத்தில் ஒரு திராட்சை வியாபாரியின் கோல்டு ஸ்டோரேஜில் எட்டு வருடமாக மெக்கானிக். நான்கு வருடமாக இங்கிலீஷ் படித்து, பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாவது தடவை நல்ல மார்க்கோடு தேறியிருந்தார். பேசிப் பழக ஆள் இல்லாததால் கம்ப்ரஸர் ரூமில் மெஷினிடமே இங்கிலீஷில் பேசுவாராம். அது ஓடிக்கொண்டிருந்தால் ஆமாம் என்று அர்த்தம், நின்றுவிட்டால் இல்லை என்று அர்த்தம்.

நான் என் கேள்வியைக் கேட்டேன். "வெளிநாட்டுல வேல பாத்த அனுபவம் எதும் இருக்காப்பா?"

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு கொஞ்சம் தயக்கத்தோடு, "குமுளில ரெண்டு வருசம் பாத்துருக்கேன்க்கா. ஏலக்கா ஸ்டோர்ல, டிரையர் மிசின் சர்வீஸு" என்றார்.

குமுளி, கம்பத்திலிருந்து மலை ஏறினால் வரும் கேரள எல்லை ஊர். நான் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்து மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் குனிந்துகொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. நான் அதோடு விட்டிருக்கலாம். "குமுளி செக்போஸ்ட்டுல பாஸ்போர்ட்டுக்கு முத்திரை குத்துனாகளா?" என்று வேறு கேட்டேன். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். வெட்கப்பட்டவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. நான் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். கூட்டிப் பார்த்தால் மார்க் பத்தவில்லை. சொன்னேன். சரிக்கா என்று எழுந்து போய்விட்டார்.

பத்து நாள் கழித்து சார் பழைய காகிதக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர், முத்துராஜ் கட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இவருக்கு வெளிநாட்டு அனுபவம் ஏம்மா சைபர் போட்ருக்க?"

"அவரு கம்பத்துலதான் சார் வேல பாத்துருக்காரு."

"கம்பம் எங்க இருக்கு?"

"உத்தமபாளையம் தாண்டி சார்."

"கனடாவுலயா இருக்கு?"

நான் சுவரில் இருந்த உலகப்படத்தைப் பார்த்தேன். சார் பொறுமையாக நின்றார். "இந்தக் கட்டத்தப் போட்டவன் எங்கன உக்காந்து போட்டான்னு பாரும்மா. அவன் அங்கன இருக்கான். அவனுக்கு நம்ம கம்பம்தான் வெளிநாடு. அனுமந்தன்பட்டி வெளிநாடு, மார்க்கையன்கோட்டை வெளிநாடு. நீ நான் எல்லாருமே வெளிநாட்டுலதான் வேல பாத்துக்கிட்டு இருக்கோம்."

அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை என்னால் எழுத முடியாது. மூன்று மாதத்தில் எத்தனை பேருக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன் என்று உட்கார்ந்து தேடினேன். எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஒருவரை மட்டும் பிடிக்க முடியவில்லை. நான் சொன்னதை நம்பி, வெளிநாட்டு அனுபவம் சேர்த்துக்கொண்டு வந்துவிடலாம் என்று மஸ்கட்டுக்கு விமானம் ஏறியிருந்தார்.

முத்துராஜுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டார், "அப்ப குமுளி செல்லும்ங்களாக்கா?"

"செல்லும்ப்பா. கம்பமும் செல்லும்."

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது என்ன தெரியுமா? அவர் சரியான பதிலைத்தான் சொன்னார். தப்பான காரணத்துக்காகச் சொன்னார், அவ்வளவுதான். நான் படித்தவள் என்ற திமிரில் சிரித்து ஒரு சரியான பதிலை அடித்துவிட்டேன். எதிரில் இருப்பவர் பதிலைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வந்தால், முதலில் கேள்வியைத் திரும்பப் படியுங்கள்.

குமுளியும் கம்பமும் சேர்ந்ததும் மார்க் எகிறிவிட்டது. விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பும் வந்தது. இனி வேலை பார்த்ததற்கு முதலாளியிடமிருந்து அத்தாட்சிக் கடிதம் வேண்டும். என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஏலக்காய் ஸ்டோர்காரர் ஒரே நாளில் கொடுத்துவிட்டார். கம்பம் முதலாளி கொடுத்த கடிதத்தை முத்துராஜ் கொண்டுவந்தார். மேலே முருகன் படம் போட்ட லெட்டர் பேடு. உள்ளே நாலே வரி. இவர் நல்ல குடும்பத்துப் பிள்ளை. பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. பெரியவர்களிடம் மரியாதையாக நடப்பார். பார்க்க லட்சணமாக இருப்பார்.

லட்சணத்துக்குக் கனடாவில் மார்க் கிடையாது என்று சொல்லி, நானே இங்கிலீஷில் ஒழுங்கான கடிதம் ஒன்று தயார் செய்து கொடுத்தேன். கொடுக்கும்போது, "மொதலாளிக்கு வெவரம் தெரியுமாப்பா?" என்று கேட்டேன்.

"தெரியும்க்கா" என்றார் முத்துராஜ். அந்த 'தெரியும்' கொஞ்சம் இழுபட்டது. எனக்கு அது காதில் விழுந்தது. விழுந்தும் நான் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கடிதம் கையெழுத்தோடு மறுநாளே வந்துவிட்டது, எனக்கு அது போதுமாக இருந்தது. இதுதான் இரண்டாவது தப்பு.

விண்ணப்பம் போய் நாலு மாதம் கழித்து ஆலோசகர் ஒரு கடிதத்தை எங்களுக்கு அனுப்பினார். சார் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், கடிதத்தை என்னிடம் நீட்டினார். விண்ணப்பத்தில் சொன்ன வேலை உண்மையா என்று பார்க்க கனடா அதிகாரிகள் கம்பம் முதலாளிக்குப் போன் செய்திருக்கிறார்கள். அவர் சொன்ன பதிலை ஐந்து குறிப்பாக எழுதியிருந்தார்கள். முத்துராஜ் மெக்கானிக் இல்லை, மேனேஜர். அவர் கையில் எண்ணெயே படாது. நினைத்த நேரம் வருவார், நினைத்த நேரம் போவார். அவருக்குச் சொந்தமாகப் பெரிய திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அவர் அங்கே வேலைக்காரரே இல்லை, முதலாளி வீட்டைச் சேர்ந்தவர். இதற்கெல்லாம் பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். திருப்தியில்லை என்றால் பொய்த் தகவல் கொடுத்ததாக எடுத்துக்கொள்வோம். அப்படி எடுத்துக்கொண்டால் ஐந்து வருடத்துக்கு அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஐந்து வருடம் கழித்து முத்துராஜுக்கு நாற்பது வந்துவிடும். வயதுக்கான மார்க் கரைந்து போகும். இங்கிலீஷ் பரீட்சையும் காலாவதியாகிவிடும். மெஷினிடம் பேசிப் பேசிப் படித்த நான்கு வருடம் மொத்தமாகப் போச்சு.

சார் தண்ணீரைக் குடித்துவிட்டு, "பேசாம மேனேஜர்னே மாத்திக் கேட்ருவமா?" என்றார். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மனிதர் அவர். அவரே அப்படிக் கேட்டார் என்றால் பயம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும், அப்போது இருப்பதிலேயே எளிதாகத் தெரிவது இன்னொரு பொய்யாகத்தான் இருக்கும். நான் சொன்னேன், "சார், அந்த மனுசன் ஏன் அப்படிச் சொன்னாருன்னு மொதல்ல கேட்டுட்டு வந்துர்றேன்." முத்துராஜுக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் கம்பம் போனேன்.

முத்துராஜ் கோல்டு ஸ்டோரேஜ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கை முழுக்கக் கிரீஸ். முகத்தைப் பார்த்தால் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று தெரிந்தது. முதலாளி உள்ளே தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திராட்சைப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. நான் தேனியிலிருந்து முத்துராஜ் விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாத்தா வா. நீங்கதான் பொண்ணு வீட்டு ஆளா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். போனில் யாராவது முத்துராஜைப் பற்றிக் கேட்டார்களா என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"கேட்டாகளே. ஒரு பொண்ணு பேசுச்சு. நல்ல மருவாதியான பேச்சு. முத்துராஜைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்னாக. கல்யாணம் ஆகாத பயலப் பத்தி விசாரிக்கணும்னா என்னத்துக்கு விசாரிப்பாக? எனக்கு விளங்கிப் போச்சு. யாரு பேசுறீகன்னு கேட்டேன். கன்னடா கமிஷன்னாக."

"கனடா ஹை கமிஷனாண்ணே?"

"அதேதான். ஹை கமிஷன்னுதான் சொன்னாக. சரி, பெங்களூரு பக்கம் கன்னடக்காரக வச்சிருக்க பெரிய கமிஷன் மண்டி போலன்னு நெனச்சுக்கிட்டேன். நம்ம திராட்சையும் அங்கனதான போகுது. மண்டிக்காரக வீட்டுப் பொண்ணு. இந்தப் பயலுக்கு அடிச்சது பாருன்னு இருந்துச்சு எனக்கு."

அப்புறம் நடந்ததை அவர் சொல்லச் சொல்ல எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நம் ஊரில் பெண் வீட்டார் விசாரித்தால் என்ன செய்வோம்? மாப்பிள்ளையை ஒரு படி ஏற்றித்தான் சொல்வோம். சொல்லாவிட்டால்தான் பாவம். "மெக்கானிக்கான்னு கேட்டாக. மண்டிக்கார வீட்டுல போயி மெக்கானிக்னு சொன்னா பொண்ணு குடுப்பாகளா? மேனேஜருன்னேன். வாரத்துக்கு எத்தன மணி நேரம் வேலன்னு கேட்டாக. மாப்பிள்ளய வேல வாங்கியே சாகடிச்சுருவோமோன்னு பயப்படுறாக போலன்னு, அவன் இஷ்டத்துக்கு வருவான் போவான்னேன். எதுத்தாப்புல இருக்க எந்தோட்டத்தையும் அவன் தோட்டம்னுட்டேன்." கணக்குப்பிள்ளை ஒருவர் மூலையில் இருந்தார். அவர் பக்கம் திரும்பி, "நல்லாத்தான பேசுனேன்?" என்று கேட்டார். கணக்குப்பிள்ளை நல்லாத்தான் பேசுனீக என்றார்.

"அண்ணே, அது மண்டி இல்லண்ணே. ஹை கமிஷன்னா தூதரகம்."

"நானும் அதத்தான ஆத்தா சொல்றேன். பொண்ணு வீட்டுல இருந்து தூது விட்ருக்காக."

இதற்கு மேல் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. நான் முத்துராஜைப் பார்த்தேன். அவர் பெட்டிகளைப் பார்த்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மொதலாளி, நான் கனடா நாட்டுக்குப் போறதுக்கு எழுதிப் போட்ருக்கேன். அங்கனயே இருக்குறதுக்கு. அந்த லெட்டர் அதுக்குத்தான் வாங்குனேன். பேசுனதும் அவுகதான்."

முதலாளி எண்ணிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். முதலில் அவர் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி. "ஏலே, அது எப்பவும் ஐஸாக் கெடக்குற ஊருல்ல? அங்கன எதுக்குலே கோல்டு ஸ்டோரேஜு?"

முத்துராஜ் கையிலிருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எட்டு வருசமாச்சு" என்றார் முதலாளி. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல ஒனக்கு."

"சொன்னா விட மாட்டீகன்னு பயந்துட்டேன் மொதலாளி."

"விட மாட்டேன்தான்."

அந்த நேரம் பார்த்து உள்ளே அலாரம் அடித்தது. ஏதோ ஒரு ரூமில் கதவு சரியாக மூடவில்லை போல. முத்துராஜ் பழக்க தோஷத்தில் ஓடிவிட்டார். முதலாளி அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிதத்தில் இருந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். நீங்கள் ஏற்றிச் சொன்னதெல்லாம் இப்போது முத்துராஜ் சொன்ன பொய்யாக ஆகிவிட்டது, பதினைந்து நாளில் சரி செய்யாவிட்டால் ஐந்து வருடத்துக்கு வாசலை அடைத்துவிடுவார்கள் என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். இந்த மனிதர் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலே போதும், மெக்கானிக் அவரிடமே இருந்துவிடுவார். அவருக்கும் அது தெரிந்தது. அதை அவர் முகத்திலேயே பார்த்தேன்.

"நான் சொன்ன பொய்க்கு அவனுக்கு எதுக்கு ஆத்தா தண்டன?" என்றார் கடைசியில். "என்ன எழுதணுமோ எழுதுங்க."

லேப்டாப்பைத் திறந்து தராசுப் பலகையிலேயே வைத்தேன். ஐந்து குறிப்பையும் ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துக் கேட்டேன்.

"மேனேஜர்னு சொன்னீகளேண்ணே?"

"பொய்யின்னு போடுங்க."

"கையில எண்ணெ படாதுன்னது?"

"பொய்யி. அவன் சட்டையப் பாத்தீகல்ல."

"நெனச்ச நேரம் வருவான்னது?"

"காலைல எட்டு மணிக்கு வரலேன்னா நான் வைவேன். அதையும் எழுதிக்கிருங்க."

"தோட்டம்?"

"எந்தோட்டம்தான். வேணும்னா பட்டா தர்றேன்."

"கடைசியா ஒண்ணுண்ணே. வேலையாளே இல்ல, எங்க வீட்டுப் பயன்னு சொன்னது. அதையும் பொய்யின்னு போட்டுறட்டா?"

இதுவரை மடமடவென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "அதப் போடாதீக" என்றார். "அது பொய் இல்ல."

நான் சொல்லிப் பார்த்தேன். ஐந்திலும் ஆபத்தானது அதுதான் அண்ணே. சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் கொடுத்த கடிதம் என்று நினைத்துவிட்டால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஒரே ஒரு வரிதானே, திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றேன். அவர் அசையவில்லை.

"சொந்தம்னு எழுதச் சொல்லல. சம்பளம் குடுத்தேன், வேல வாங்குனேன், அதெல்லாம் எழுதுங்க. எம்பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடந்தப்ப, பெத்த பிள்ளைக போன்ல கேட்டுக்கிட்டு இருந்தாக. இவன்தான் பதினோரு நாளு அங்கன படுத்துருந்தான். வேலையாளா வந்து படுத்தான்? நாலு பொய் சொன்னேன், நாலையும் வாபஸ் வாங்கிக்கிர்றேன். இத எப்படி வாங்க முடியும்?" கொஞ்சம் பொறுத்து, "அவன் போனா எனக்குத்தான் நட்டம். நட்டப்படுறவன் எதுக்குப் பொய் சொல்றான்? கேளுங்க அவுகள" என்றார்.

பிள்ளைகளே, இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. முந்தைய இங்கிலீஷ் கடிதத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர். ஐந்தாவது குறிப்புக்கும் பொய் என்று இங்கிலீஷில் அடித்துவிட்டு, நீங்கள் சொன்னபடிதான் எழுதியிருக்கிறேன் என்று நீட்டினால் போட்டுக் கொடுத்திருப்பார். முத்துராஜ் பிழைத்துக்கொள்வார், சார் நிம்மதியாகத் தூங்குவார், யாருக்கும் தெரியப் போவதில்லை. என் விரல் அந்த எழுத்துகளின் மேலேயே நின்றது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பொய்யைத் திருத்துவதற்காகக் கம்பம் வரை பஸ் ஏறி வந்தவள் நான். அந்த மனிதர் சொன்ன ஒரே உண்மையைப் பொய் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

அவர் சொன்னபடியே எழுதினேன். எங்கள் பகுதியில் கல்யாணத்துக்கு விசாரித்தால் மாப்பிள்ளையை உயர்த்திச் சொல்வது வழக்கம் என்பதையும், தூதரகத்தைக் கமிஷன் மண்டி என்று நினைத்துவிட்டார் என்பதையும் வெட்கப்படாமல் எழுதினேன். எழுதி முடித்ததும் கணக்குப்பிள்ளையின் பிரின்டரில் எடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் திரும்பச் சொல்லிக் காட்டினேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். முத்துராஜ் திரும்பி வருவதற்குள் கவரை ஒட்டிவிட்டேன். என்ன எழுதினேன் என்று அவரும் கேட்கவில்லை. கூடவே வங்கியில் சம்பளம் ஏறிய பக்கங்கள், முத்துராஜ் கைப்பட எழுதிய சர்வீஸ் நோட்டு, கிரீஸ் கறை பட்ட பக்கங்களோடு அப்படியே போனது. சார் அனுப்புவதற்கு முன் மண்டியைப் பற்றிய வரியை மூன்று தடவை படித்தார். "இத நம்புவாகளாம்மா?" என்றார். "இத யாராச்சும் கற்பனையா எழுத முடியுமா சார்?" என்றேன்.

அதற்குப் பிறகு ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் முத்துராஜ் என்னை எத்தனை தடவை கூப்பிட்டார் என்று எண்ணவில்லை. முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டார். "மண்டில இருந்து எதும் தகவல் உண்டா?" என்பார். கடைசிவரை அவருக்கு அது மண்டிதான்.

பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லி ஒரு செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது. முத்துராஜ் மத்தியானமே தேனிக்கு வந்துவிட்டார். வேலை நடுவில் வந்திருப்பார் போல, நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. டைப் அடிக்கிற பெண் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தாள். கட்டை முழுக்க ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள், நாளைக்கு விமான நிலையத்தில் ஏதாவது கேட்டால் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் கையில் கொடுத்தேன்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மண்டி வரியில் சிரித்தார். எட்டு மணிக்கு வராவிட்டால் வைவேன் என்பதைப் படித்துவிட்டு எங்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். கடைசிக் குறிப்புக்குப் போனதும் சத்தம் நின்றுவிட்டது. அதில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'எங்கள் வீட்டுப் பையன் என்று சொன்னது. இருவருக்கும் இரத்த உறவோ திருமண உறவோ கிடையாது. மற்ற நான்கையும் திரும்பப் பெற்ற முதலாளி, இதைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார்.'

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். "அக்கா" என்றார் முத்துராஜ். "இந்த ஒரு பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கிறட்டா?"

"எடுத்துக்கப்பா. ஆனா இது இனிமே எங்கயும் தேவப்படாதே."

"தெரியும்க்கா" என்றார்.